அபாயா, சாறி, பஞ்சாபி: எதை எங்கே உடுப்பது?

எல்லா இடத்துக்கும் ஒரே உடுப்பு போதும் என்று யாராவது சொன்னால், அவர் அந்த உடுப்பை விற்பவராகத்தான் இருப்பார். கிழக்கிலங்கையில் காத்தான்குடி பிரதான வீதியிலும் கல்முனை பஸாரிலும் கடைக்குக் கடை தொங்கும் கறுப்பு அபாயாக்களைப் பார்த்தால், நம் பெண்களுக்கு வேறு தெரிவே இல்லையோ என்று தோன்றும். அடுத்த கடைக்குப் போனால் அடுக்கடுக்காகச் சாறி. அதற்கும் அடுத்ததில் பஞ்சாபி. வாங்கப் போகிறவளின் கையில் இருப்பதோ அளவான காசு. அந்தக் காசுக்கு எதை எடுப்பது, எடுத்ததை எங்கே உடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

நான் தையல்காரி, கல்முனைப் பக்கம். என்னிடம் வருகிறவர்களில் சாய்ந்தமருது, மருதமுனை முஸ்லிம் பெண்களும் உண்டு; பாண்டிருப்பு, காரைதீவுத் தமிழ்ப் பெண்களும் உண்டு. அடக்கமாக உடுக்க வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துத்தான் போகிறார்கள். அளவில்தான் வித்தியாசம். முஸ்லிம் பெண்ணுக்கு முகமும் மணிக்கட்டுக்குக் கீழே கையும் தவிர மற்றதெல்லாம் மறைய வேண்டும், துணி உள்ளே காட்டக் கூடாது, உடம்போடு ஒட்டக் கூடாது. தமிழ் வீடுகளில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கோயிலுக்குப் போகிற பெண்ணின் பிளவுஸ் முதுகு எவ்வளவு இறங்கலாம் என்று அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அங்குலக் கணக்கில் பதில் வரும்.

என் கட்சி இதுதான்: முதலில் துணியைத் தெரிவு செய்யுங்கள், உடுப்பின் வகையை அப்புறம் பார்க்கலாம். நம் ஊரில் மறைப்பைப் பற்றி ஆயிரம் பேச்சு நடக்கிறது, துணியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று அடித்து உதடு வெடிக்கிறது. கடற்கரைப் பக்கம் வியர்வை காய்வதே இல்லை. மார்கழியில் மழை விடாமல் பெய்து கொடியில் போட்டது மூன்று நாளாகியும் ஈரமாகவே கிடக்கிறது. இந்த ஊரில் உடம்பு முழுக்க மூடி நடக்கிறவளுக்குத் துணி சரியில்லை என்றால் மற்ற எதுவும் சரியாக வராது.

கணக்கு எளிது. பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் 8.5 சதவீதம் அளவு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். ரேயன் 11 முதல் 13 வரை போகும். பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான், அதாவது வாங்கவே வாங்காது. வியர்வை உடம்பிலேயே நின்றுவிடும். அதனால்தான் பாலியெஸ்டர் உடுத்து பஸ்ஸில் நின்று வருகிறவளுக்கு முதுகில் ஈரம் வழிகிறது. ஆனால் மழைக்காலத்தில் இதே குணம் நன்மையாகிவிடும். இரவு துவைத்துப் போட்ட பாலியெஸ்டர் காலையில் காய்ந்திருக்கும், பருத்தி நாறும். ஆகவே வருடம் முழுக்க ஒரே துணி என்பதும் சரிவராது.

கடையில் துணி பார்க்கும்போது ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று முடிவு எடுக்காதீர்கள். “உள்ளுக்கு ஒண்டும் தெரியாது ராத்தா” என்று பையன் சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை, கடைக்குள்ளே தெரியாதுதான். துணியை வாசலுக்குக் கொண்டுபோய், ஒற்றை மடிப்பாக வெயிலுக்கு எதிரே பிடித்து, பின்னால் உங்கள் கை விரல்களை விரித்துப் பாருங்கள். விரல்களை எண்ண முடிந்தால் அதற்கு லைனிங் வேண்டும். லைனிங் என்றால் இரண்டாவது அடுக்குச் சூடு, இரண்டாவது செலவு. வெள்ளைத் துணியில் இந்தச் சோதனை கட்டாயம். வெளிர் றோஸ், வெளிர் மஞ்சளிலும்தான். அப்புறம் துணியைக் கைக்குள் கசக்கி, பத்து எண்ணி விடுங்கள். கசங்கியது கசங்கியபடியே நின்றால் தினமும் அயன் பிடிக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

அபாயா

இன்று நம் பகுதியில் முஸ்லிம் பெண்ணின் அன்றாட வெளி உடுப்பு இதுதான். என் உம்மம்மாவின் தலைமுறை சாறி உடுத்து, முந்தானையால் முக்காடு போட்டே கடைத்தெருவுக்கும் போனது, கலியாண வீட்டுக்கும் போனது. அபாயா இங்கே பரவலானது கடந்த சில பத்தாண்டுகளில். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு அதில் பெரிய பங்கு. இது நல்லதா கெட்டதா என்று விவாதிப்பவர்கள் விவாதிக்கட்டும். தைக்கிறவளாக நான் பார்ப்பது ஒன்று: காலையில் ஐந்து நிமிடத்தில் உடுத்து வெளியே இறங்க முடிகிற உடுப்பு இது ஒன்றுதான். உள்ளே வீட்டுச் சட்டையோடே இருந்தாலும் யாருக்கும் தெரியாது. பிள்ளையைப் பாடசாலையில் விட அவசரமாக ஓடும் தாய்க்கு இதன் அருமை தெரியும்.

கடைகளில் அதிகம் விற்கும் அபாயாத் துணி நிதா. நல்ல கறுப்பு, மினுங்காது, கசங்காது, விழுகிற விதம் அழகு. ஆனால் அது பாலியெஸ்டர்தான். பெயருக்கு முன்னால் எந்த நாட்டை ஒட்டினாலும் அதுதான். குளிரூட்டிய வங்கியில் வேலை செய்கிறவளுக்கு நிதா பொருத்தம். வகுப்பறையில் மின்விசிறியும் ஓடாமல் நிற்கிறவளுக்கு ரேயன் கலந்த க்ரேப்போ, மெல்லிய லினன் கலவையோ நல்லது. சற்றுக் கசங்கும். கசங்கட்டுமே. ஷிஃபான், ஜோர்ஜட்டில் வருகிற அபாயாக்கள் பார்ப்பதற்கு மெல்லியவை, ஆனால் உள்ளே லைனிங் போட்டுத்தான் ஆக வேண்டும்; கடைசியில் நிதாவைவிடச் சூடு.

கறுப்பு அதிகம் சுடும் என்ற பேச்சில் பாதிதான் உண்மை. சினாய்ப் பாலைவனத்துப் பெடூயின்களின் கறுப்பு அங்கியையும் வெள்ளை அங்கியையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1980இல் நேச்சர் சஞ்சிகையில் வந்தது. கறுப்பு வெப்பத்தைக் கூடுதலாக உறிஞ்சியது, ஆனால் அங்கி தொளதொளவென்று இருந்ததால் அந்தக் கூடுதல் வெப்பம் தோலுக்கு வருமுன்னே காற்றோடு போய்விட்டது என்பது அதன் முடிவு. தொளதொளப்பு என்பதுதான் இங்கே முக்கியம். இடுப்பில் பிடித்து, கையில் இறுக்கி, கல் பதித்த பெல்ட் கட்டித் தைத்த கறுப்பு அபாயாவுக்கு இந்த நியாயம் எடுபடாது. மார்க்கம் கேட்கும் தளர்வும் உடம்பு கேட்கும் காற்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இடையில் ஃபெஷன் புகுந்து இரண்டையும் கெடுக்கிறது. கறுப்புத்தான் வேண்டும் என்று கட்டாயமும் கிடையாது. சாம்பல், கடும்நீலம், மண்ணிறம், ஒலிவ் பச்சை எல்லாம் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. நம் தெருப் புழுதிக்கு மண்ணிறம்போல வருமா? கறுப்பில் ஒவ்வொரு தூசியும் தெரியும்.

அளவு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. 52, 54, 56, 58 என்று கழுத்துப் பட்டையில் போட்டிருப்பது தோளிலிருந்து கீழ்விளிம்பு வரையான நீளம், அங்குலத்தில். ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமான பெண்ணுக்கு 54 பெரும்பாலும் சரியாக வரும். உயர்ந்த செருப்புப் போடுகிறவள் 56 எடுப்பாள். ஸ்கூட்டி ஓட்டுகிறவள் ஓர் அங்குலம் குறைத்தே தைக்க வேண்டும். இதை நான் சொன்னால் சில உம்மாமார் முகம் சுளிப்பார்கள், காலுறை போட்டால் தீர்ந்தது. சில்லுக்குள் அபாயா சுற்றி விழுந்த பெண்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் இந்தக் கரையோரத்தில் இருக்க மாட்டார்கள். ஆபத்து அதிகம் பின்னால் இருப்பவளுக்குத்தான். பக்கவாட்டில் உட்கார்ந்தால் அகலமான குடை வெட்டு அபாயாவின் விளிம்பு நேரே பின்சில்லுக்குப் போகும். வீட்டில் மோட்டார் சைக்கிள்தான் வாகனம் என்றால் குடை வெட்டையும் சிறகுபோல விரியும் பட்டர்ஃபிளை வெட்டையும் மறந்துவிடுங்கள். நேர் வெட்டு, இரண்டு பக்கமும் முழங்காலுக்குக் கீழே சிறு பிளவு, உள்ளே தளர்வான பேண்ட். ஏறும்போது விளிம்பைச் சேர்த்துப் பிடித்து மடிக்குள் செருகிக்கொள்ள ஒரு பட்டனும் நாடாவும் உட்புறம் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். எந்தத் தையல்காரிக்கும் அது பத்து நிமிட வேலை.

முன்பக்கம் திறந்த அபாயாவா, மூடியதா? பால் கொடுக்கும் தாய்க்குத் திறந்தது, அல்லது மறைவான சிப் வைத்தது. மற்றவர்களுக்கு மூடியது. திறந்த அபாயா கச்சான் காற்றில் என்ன பாடு படும் என்பதை ஒருமுறை கல்லடிப் பாலத்தில் நடந்து பார்த்தால் தெரியும். பட்டன் வைத்தால் இடைவெளி ஒரு சாணுக்கு மேல் இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் அபாயாவோடு அடுப்படிக்குப் போகாதீர்கள். பருத்தி தீப்பிடித்தால் எரியும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். கந்தூரி விருந்துச் சமையல் நடக்கும் வீடுகளில் வெளி உடுப்போடே பெரிய விறகடுப்புப் பக்கம் நிற்கிற பெண்களைக் காணும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். நீண்ட கைக்கு மணிக்கட்டில் இலாஸ்டிக் வைத்திருந்தால் மேலே தள்ளிவிட்டு வேலை செய்யலாம், விரிந்த கையில் அது முடியாது.

சாறி

சாறியை மறைப்புக் குறைந்த உடுப்பு என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. பிளவுஸைச் சரியாகத் தைத்தால் சாறியைப் போல மறைக்கும் உடுப்பு குறைவு. பிரச்சினை இருப்பது ஆறு யார் நீளச் சாறித் துணியில் இல்லை, ஒரு மீற்றருக்கும் குறைந்த பிளவுஸ் துணியில். சாறியோடு சேர்ந்து வரும் பிளவுஸ் துணி நீளக் கைக்குப் போதாது. கடையிலேயே பொருந்துகிற நிறத்தில் கூடுதலாக அரை மீற்றர் எடுத்துவிடுங்கள். பிளவுஸின் நீளத்தை இடுப்பெலும்பு வரை இறக்கித் தைத்தால் கையைத் தூக்கினாலும் இடுப்புத் தெரியாது. பின்கழுத்து மேலேயே நிற்கட்டும். முந்தானையை இடது தோளில் ஒரு பின், முக்காடாக வரும் இடத்தில் ஸ்கார்ஃபோடு ஒரு பின்.

சாறி என்றால் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மருதமுனை இருக்கிறது. கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்பைத் தாண்டினால் வரும் இந்த ஊரின் கைத்தறிக்கு இலங்கை முழுக்கப் பெயர். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுத் துணி குவிந்ததில் தறிகள் அடிபட்டன. 2004 சுனாமி மிஞ்சியதிலும் நிறையவற்றைக் கொண்டுபோனது. இருந்தும் தறிச் சத்தம் அடங்கவில்லை. மருதமுனைப் பருத்திச் சாறியை நம்மவர்கள் கொழும்பு விருந்தாளிக்குப் பரிசாகக் கொடுப்பார்கள், தங்களுக்கு எடுக்கச் சொன்னால் “அது டீச்சர்மாருடைய சாறி” என்பார்கள். டீச்சர்மாருக்கு என்ன குறை? நாள் முழுக்க நின்று, கரும்பலகையில் கை தூக்கி எழுதி, வியர்த்து, மத்தியானம் பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள் தெரிவு செய்த துணியைவிட வேறு எந்தச் சோதனை வேண்டும்?

கைத்தறியில் பார்க்க வேண்டியது நெசவு அடர்த்தி. வாசலில் விரல் சோதனை இங்கேயும் செய்யுங்கள். சாறி கொசுவம் வைத்து மடித்து உடுப்பதால் முன்பக்கம் பயமில்லை, பின்பக்கம் ஒற்றை அடுக்கு. அதனால் உள்பாவாடை சாறியின் நிறத்திலேயே, பருத்தியில், கணுக்கால் வரை. கடும் நிறங்களை முதல் இரண்டு தடவை தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். பிளவுஸ் துணியை வெட்டுமுன் நனைத்துக் காயவைத்துத் தாருங்கள். பருத்தி சுருங்கும், பிறகு கை இறுக்கம் என்று என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

ஆசிரியைகளுக்கும் அரச அலுவலகத்துப் பெண்களுக்கும் சாறி விதியாகவே இருந்து வந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் சாறி விலை தாங்க முடியவில்லை என்று நாட்டின் பல பகுதிகளில் ஆசிரியைகள் வேறு உடுப்போடு பாடசாலைக்குப் போனதும், அமைச்சு சாறிதான் என்று நின்றதும் நினைவிருக்கும். நம் பகுதி முஸ்லிம் பாடசாலைகளில் அபாயா பழகிவிட்டது. வேறு பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்தவர்கள் அங்கே என்ன நடைமுறை என்று முதலே கேட்டுக்கொள்வது நல்லது. நம் மாகாணத்தில் ஆசிரியை அபாயா உடுப்பது வழக்கு வரை போன விஷயம். உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் நாளே எதை உடுத்துப் போவது என்பது வேறு கேள்வி.

சாறியின் உண்மையான குறை தொழுகை நேரத்தில்தான் தெரியும். ருகூவுக்குக் குனிந்தால் முந்தானை சரிகிறது, ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது இடுப்புப் பக்கம் விலகுகிறது. நம் ஊரில் பெரும்பாலும் பின்பற்றும் சட்டப் பிரிவு ஷாஃபி மத்ஹப். அதன்படி தொழுகையில் பாதமும் மறைய வேண்டும். ஆகவே சாறி உடுத்து வேலைக்குப் போகிறவள் பையில் தொழுகை உடுப்பு ஒன்றைச் சுருட்டி வைத்திருக்க வேண்டும். மெல்லிய ரேயனில் தலையோடு சேர்த்துத் தைத்தால் ஒரு கைக்குட்டைப் பொதி அளவுக்குள் அடங்கும். அபாயா உடுத்தவளுக்குக் காலுறை மட்டும் போதும்.

பஞ்சாபி

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் இதில் தவறு செய்வது கடினம். முழங்காலுக்குக் கீழே வரும் மேல்சட்டை, தளர்வான காற்சட்டை, அகலமான ஷோல். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ போகும் பிள்ளைகளுக்கு, சைக்கிளுக்கு, ஓட்டோவுக்கு, ஆஸ்பத்திரியில் நோயாளியோடு இரவு தங்குவதற்கு இதுதான். லெகின்ஸ் போட்டுவிட்டு அதைப் பஞ்சாபி என்று சொல்வதைத்தான் நான் ஏற்பதில்லை. பக்கப் பிளவு இடுப்பு வரை ஏறி வருகிற ரெடிமேட்களை வாங்கினால், பிளவை ஆறு அங்குலம் கீழே இறக்கித் தைத்துக்கொள்ளுங்கள்.

ஷோல் தனியாக வாங்குவதென்றால் இரண்டு மீற்றர் நீளம், முக்கால் மீற்றருக்கு மேல் அகலம். செட்டோடு வருகிற ஷிஃபான் ஷோல் ஒரு பெயருக்குத்தான், தலையில் நிற்காது. ஆசிரிய நியமனம் கிடைக்குமுன் மகளுக்கு இரண்டு சாறி வாங்கிப் பெட்டியில் வைப்பதைவிட நான்கு பருத்திப் பஞ்சாபி தைத்துக் கொடுப்பது கூடுதல் புத்தி என்பது என் எண்ணம்.

எந்த இடத்துக்கு எது

கலியாண வீடு. முஸ்லிம் கலியாணத்தில் பெண்களுக்குத் தனி இடம் இருக்கும். அதனால் பலரும் செய்வது உள்ளே பட்டுச் சாறி, மேலே அபாயா, பெண்கள் பக்கம் போனதும் அபாயாவைக் கழற்றி மடித்துப் பையில். இதற்கு முன்பக்கம் திறந்த, பெரிய கை வைத்த அபாயாதான் வசதி. மூடிய அபாயாவைத் தலைவழியே கழற்றினால் கொண்டையும் போச்சு, கொசுவமும் போச்சு. கல் பதித்த அபாயா ஒன்றும் கல் பதித்த சாறி ஒன்றும் இரண்டும் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒன்றை மற்றது மறைக்கப் போகிறது. எதையாவது ஒன்றைச் சாதாரணமாக எடுக்கலாமே. தமிழ் வீட்டுக் கலியாணத்துக்குப் போகும் முஸ்லிம் பெண்ணுக்கு ஆண்களும் பெண்களும் ஒரே மண்டபம். அங்கே நீளக் கைப் பிளவுஸ் வைத்த சாறியும் பொருந்தும் ஸ்கார்ஃபும் அபாயாவைவிட வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி தரும் என்பது என் அனுபவம். வெள்ளையும் முழுக் கறுப்பும் அங்கே வேண்டாம்.

மரண வீடு. மையத்து வீட்டுக்குச் சாதாரண அபாயா, வாசனை பூசாமல். தமிழர் மரண வீட்டுக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறப் பருத்திச் சாறி, கரை ஒடுக்கமாக. அவசரமாகப் போக வேண்டிய இடம் என்பதால் இதற்கு ஒன்று எப்போதும் அயன் பிடித்து அலுமாரியில் இருக்கட்டும். தமிழ்த் தோழி மையத்து வீட்டுக்கு வருகிறாள் என்றால் பஞ்சாபியும் ஷோலும் போதும், அபாயா தேடி அலைய வேண்டாம்.

கணவன் இறந்து இத்தா என்ற காத்திருப்பில் இருக்கும் பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும். நம் ஊரில் வெள்ளை உடுத்துவது பழக்கம். மார்க்கம் சொல்வது அலங்காரத்தைத் தவிர்க்கச் சொல்லி. வெள்ளை என்று நிறம் குறிக்கவில்லை. வெள்ளையே உடுத்த விரும்பினால் விரல் சோதனையில் தேறிய தடித்த பருத்தி எடுங்கள். வீட்டுக்குள்ளேதானே என்று மலிந்த வெள்ளை வாங்கிக் கொடுத்தால், ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் முன்னால் அந்தப் பெண் போர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

உம்றா, ஹஜ்ஜுக்கு ஆண்களைப் போல இரண்டு துண்டு கிடையாது, பெண்ணுக்கென்று குறித்த நிறமும் இல்லை. இஹ்ராமில் நிகாபும் கையுறையும் மட்டும் கூடாது. அங்கே நடை அதிகம், ஆகவே எடை குறைந்த அபாயா, பக்கப் பையோடு, சிப் வைத்து.

கோயில் பக்கம் வந்தால், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போகிறவர்கள் நனைந்தாலும் உடம்போடு ஒட்டாத துணி பார்க்க வேண்டும். மெல்லிய ஜோர்ஜட், நைலெக்ஸ் எல்லாம் நனைந்ததும் மானத்தை வாங்கிவிடும். நெசவு அடர்ந்த கைத்தறியோ தடித்த பருத்திப் பஞ்சாபியோ நல்லது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பில் இறங்குகிறவர்கள் மஞ்சள் தோய்த்த பருத்தியைத் தவிர எதையும் நினைக்கவே கூடாது, காரணம் மேலே அடுப்படியில் சொன்னதுதான். உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியே கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களுக்குச் சாறி சுமை. முள்ளில் மாட்டும், ஆற்றில் நனைந்தால் கனக்கும். காவிப் பருத்திப் பஞ்சாபி இரண்டு, மாற்றி மாற்றி. கோயில் வாசலில் உடுக்க ஒரு சாறி பொதிக்குள் இருந்தால் போதும்.

பாசிக்குடாவில் கடலில் இறங்க ஆசைப்படுகிற பெண்கள் அபாயாவோடோ பருத்திச் சட்டையோடோ இறங்க வேண்டாம், அலை இல்லாத ஆழமற்ற கடல்தான் என்றாலும் நனைந்த பருத்தி இழுக்கும். கை கால் மூடிய நீச்சலுடை இப்போது கிடைக்கிறது. அதன் மேலே தளர்வான நீளச் சட்டை ஒன்று போட்டுக்கொண்டால் மறைப்புப் பற்றிய கவலையும் தீரும்.

இந்த எல்லாவற்றிலும் நம் ஊரின் மிகச் சிறந்த வெயில் உடுப்பு எது என்று கேட்டால், அம்பாறை வயல்களில் அரிவி வெட்டும் காலத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் உடுக்கிறதைத்தான் சொல்வேன். நீளச் சட்டை, அதற்கு மேலே வீட்டு ஆம்பிளையின் பழைய முழுக்கைச் சேட்டு, தலையில் துவாய், அதற்கு மேலே தொப்பி. கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடியிருக்கும், எல்லாம் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி. எந்தக் கடையும் அதை விற்பதில்லை.

தலைக்கு

ஸ்கார்ஃபில் சதுரம், நீளம் என்ற தகராறை விடுங்கள், துணிதான் இங்கேயும். ஜெர்சி வழுக்காது, பின் இல்லாமலே நிற்கும், ஹெல்மட்டுக்குள் சரியாக இருக்கும்; ஆனால் சூடு. ஷிஃபான் வழுக்கும், காதோரம் இரண்டு மூன்று பின் வேண்டும், அதன் மேல் ஹெல்மட் போட்டால் பின் நேரே மண்டைக்குள் இறங்கும். வாகனம் ஓட்டுகிறவள் பின்னைக் கன்னத்துக்குக் கீழே, கழுத்தோரம் வைக்கட்டும், அல்லது காந்தப் பின் வாங்கட்டும். வெயிலுக்கு நல்லது மெல்லிய பருத்தி வொயில், உள்ளே பருத்தி உள்தொப்பி.

முகத்தை மூடுவது அவரவர் தீர்மானம், அதில் தையல்காரிக்கு வேலை இல்லை. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு அவசரகால விதியில் முகம் மூடுவது தடைப்பட்டதையும், ஓகஸ்ட்டில் அவசரகால நிலை முடிந்ததையும் நாம் எல்லோரும் வாழ்ந்து பார்த்தோம். நிகாப் போடுகிறவர்களுக்கு நான் தைத்துக் கொடுக்கும்போது கேட்பது ஒன்றே: அடையாள அட்டை பார்க்கும் இடத்தில் ஒரு கையால் தூக்க முடிகிற மாதிரி வேண்டுமா, பின்னால் முடிச்சுப் போடுகிற மாதிரியா? முன்னதுதான் வசதி. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் காது தெரிய வேண்டுமா என்பதை மண்டபத்துக்குப் போன பிறகு அல்ல, அதற்கு முன்னே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் குறைந்த காசு இருக்கிறது, புதிதாக வேலை கிடைத்திருக்கிறது, எதில் தொடங்குவது என்று கேட்கிற முஸ்லிம் பெண்ணுக்கு நான் சொல்வது: கறுப்பல்லாத ரேயன் க்ரேப்பில் நேர் வெட்டு அபாயா இரண்டு, மழைக்காலத்துக்கு ஒரு நிதா, மருதமுனைச் சாறி ஒன்று நீளக் கைப் பிளவுஸோடு. கலியாணச் சாறியை ராத்தாவிடமோ மச்சியிடமோ வாங்கி உடுத்தால் ஒரு குறையும் வராது. தமிழ்ப் பெண்ணுக்கு அபாயா வரும் இடத்தில் பருத்திப் பஞ்சாபி, மற்றக் கணக்கு அதேதான். பெருநாளுக்கோ வருடப்பிறப்புக்கோ தைப்பதென்றால் ஒரு மாதம் முன்னதாகத் துணியைத் தாருங்கள். கடைசிக் கிழமையில் கொண்டுவந்தால் அளவெடுக்க மாட்டேன், பழைய சட்டை ஒன்றை மாதிரிக்குக் கொண்டு வாருங்கள்.